குறைந்த பட்ஜெட்டில் இரண்டாவது லென்ஸ்: 35-ஆ, 50-ஆ, 70-300 ஜூமா?

#1 மழைத்துளி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். வேறு எதுவும் இல்லை. மகள் நடனம் கற்றுக்கொள்கிறாள். வீட்டில் ஜன்னலோரம் நிற்க வைத்து எடுத்தால் படம் அருமையாக வருகிறது. மேடையில் ஆடும்போது எடுத்தால் முகம் கலங்கி, கைகால் எல்லாம் கோடாக இழுத்துக்கொண்டு போகிறது. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 வரை ஏற்றிப் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் போனால் முகம் முழுக்கப் புள்ளிகள்.

பட்ஜெட்டையும் சொல்லிவிடுகிறேன். கேமராவும் கிட் லென்ஸும் சேர்த்து வாங்கிய விலையில் கால் பங்கு. அதற்கு மேல் முடியாது. பழையது வாங்கவும் தயார். கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில்: ஒருவர் 35 மி.மீ. எஃப்/1.8 என்கிறார், ஒருவர் 50 என்கிறார், இன்னொருவர் 70-300 வாங்கினால் எல்லாமே கிட்டே வந்துவிடும் என்கிறார். எதை வாங்க?

#2 கறுப்புவெள்ளை

லென்ஸ் பெயரைச் சொல்வதற்கு முன்னால் மூன்று தகவல் வேண்டும். கலங்கிய படங்களில் ஷட்டர் வேகம் என்ன, எந்த நீளத்தில் எடுத்தீர்கள், மேடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள்? கேமராவில் படத்தைத் திறந்து மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால் முதல் இரண்டும் தெரியும். தெரியவில்லை என்றால் பிளேபேக் மெனுவில் அதைக் காட்டச் சொல்ல வேண்டும்.

#3 சிறகு

70-300தான் வாங்குங்க. நிக்கான் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எஃப்/4.5-6.3 விஆர். அரை கிலோ கூட இல்ல, டி5600-ல ஃபோகஸ் சத்தமே இல்லாம சட்டுனு பிடிக்கும். இந்த விலைக்கு இவ்வளவு தெளிவா ஒரு டெலி ஜூம் கிடைக்குதுங்கறதே ஆச்சரியம். நான் பறவைக்கு இதைத்தான் வச்சிருக்கேன். ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, பேர்ல "விஆர்" இருக்கணும். விஆர் இல்லாத ஒண்ணும் அச்சு அசலா அதே மாதிரிதான் இருக்கும். விளம்பரத்துல ரெண்டையும் கலந்து போட்டிருப்பாங்க.

#4 கறுப்புவெள்ளை

> சிறகு எழுதியது: 70-300தான் வாங்குங்க

நல்ல லென்ஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது மேடை. பகல் வெளிச்சத்தில் பறக்கும் கொக்கு வேறு, இருட்டு அரங்கில் ஆடும் குழந்தை வேறு. விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். ஆடுகிறவளை நிறுத்தி வைக்காது. 70-இல் எஃப்/4.5, இழுக்க இழுக்க 6.3; எஃப் எண் கூடக்கூட உள்ளே வரும் ஒளி குறையும். ஏற்கெனவே வெளிச்சம் போதாமல் தவிப்பவருக்கு இன்னும் இருட்டான லென்ஸைக் கொடுக்கிறீர்கள்.

#5 மழைத்துளி

பார்த்தேன். பெரும்பாலும் 55 மி.மீ., எஃப்/5.6, 1/60, ஐஎஸ்ஓ 6400. உட்காரும் இடம் மேடையிலிருந்து சுமார் பத்து மீட்டர். முன் வரிசை கிடைத்தால் ஏழு, எட்டு மீட்டர்.

#6 கறுப்புவெள்ளை

இது போதும். இனி கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் வெளிச்சம். நடனத்தில் கைவீச்சு உறைந்து நிற்க 1/250 வேண்டும். நீங்கள் 1/60-இல் இருக்கிறீர்கள், அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). கிட் லென்ஸ் 55-இல் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 திறக்கிற லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் கொஞ்சம் அதிகமாக ஒளியை உள்ளே விடும். மூன்றே கால் ஸ்டாப் என்று வையுங்கள். அதில் இரண்டு ஸ்டாப்பை ஷட்டருக்குக் கொடுத்தால் 1/250 வந்துவிடுகிறது. மிச்சம் ஒன்றே கால் ஸ்டாப். அதை ஐஎஸ்ஓவில் கழித்தால் 6400 போய் 2500 அளவில் நிற்கலாம். டி5600-இல் 2500 தாராளமாக ஏற்கத்தக்க படம்.

அடுத்தது நீளம். உங்கள் சென்சாரின் அகலம் 23.5 மி.மீ., உயரம் 15.6. பத்து மீட்டர் தூரத்தில் ஒவ்வொரு லென்ஸும் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்று பாருங்கள்:

35 மி.மீ.: சுமார் 6.7 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரம்
50 மி.மீ.: 4.7 அகலம், 3.1 உயரம்
85 மி.மீ.: 2.8 அகலம், 1.8 உயரம்

குழந்தை 1.2 மீட்டர் உயரம் என்று வைத்தால், 35-இல் சட்ட உயரத்தில் கால் பங்குதான் அவள் இருப்பாள். 50-இல் ஐந்தில் இரண்டு பங்கு. 85-இல் மூன்றில் இரண்டு. பார்க்கப்போனால் 85தான் பொருத்தம். ஆனால் நீங்கள் சொன்ன பட்ஜெட்டுக்குள் ஏஎஃப்-எஸ் 85 எஃப்/1.8 ஜி வராது, பழையதாக இருந்தாலும் கஷ்டம். 50-இல் எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் படம் 6000×4000 பிக்சல். அவள் மட்டும் 1500 பிக்சலுக்கு மேல் உயரமாக இருப்பாள். சாதாரண அளவில் அச்சடிக்க அது தாங்கும்.

35 கெட்ட லென்ஸ் என்று சொல்லவில்லை. வீட்டுக்குள், கைக்கெட்டும் தூரத்தில் ஓடியாடும் குழந்தைக்கு அதுதான் சரி. உங்கள் பிரச்சினை மேடை என்றதால் 50 என்கிறேன்.

#7 பழங்கண்ணாடி

இத்தனை செலவு எதற்கு? ஹீலியோஸ் 44-2 என்று ஒரு சோவியத் லென்ஸ் இருக்கிறது. 58 மி.மீ., எஃப்/2. ஜெய்ஸ் பயோட்டாரின் வடிவமைப்பை ஒட்டிச் செய்தது. உடல் முழுக்க உலோகம். பின்னணியில் இலைகள் இருந்தால் சுழன்று சுழன்று தெரியும், அந்த அழகு இன்றைய லென்ஸ் எதிலும் வராது. லட்சக்கணக்கில் செய்து தள்ளியதால் இன்றும் மலிவு. எம்42 என்ற பழைய திருகு மவுண்ட் அது, அதற்கான அடாப்டர் ஒன்று போதும்.

#8 ஏழாம்பக்கம்

அண்ணே, ஆசைப்பட்டதை எல்லாருக்கும் மாட்டிவிடாதீங்க :) நிக்கானுக்குப் போய் எம்42-ஆ?

மழைத்துளி, இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பின்னால் யாராவது மலிவாகத் தருகிறேன் என்று வந்தால் உதவும். லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு தூரம் உண்டு. எம்42-க்கு அது 45.46 மி.மீ. நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5. அதாவது உங்கள் கேமராவில் எந்த எம்42 லென்ஸை மாட்டினாலும் அது இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு மி.மீ. தள்ளித்தான் நிற்கும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 58 மி.மீ. லென்ஸில் அந்த ஒரு மி.மீ. என்ன செய்யும் தெரியுமா? ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருகினாலும் மூன்று மீட்டர் சொச்சத்துக்கு அப்பால் எதுவும் தெளிவாக வராது. மேடை இருப்பது பத்து மீட்டரில்.

கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். அதைப் போட்டால் தூரத்து ஃபோகஸ் கிடைக்கும், ஆனால் மலிவான அந்தக் கண்ணாடி முழுத் திறப்பில் படத்தைப் பால்போல மங்கலாக்கிவிடும். போதாததற்கு டி5600-இல் சிப் இல்லாத லென்ஸை மாட்டினால் ஒளி அளவியும் வேலை செய்யாது. எம் பயன்முறையில் (எல்லாவற்றையும் நீங்களே அமைப்பது) வைத்து, எடுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் நடனம் முடிந்துவிடும்.

#9 பழங்கண்ணாடி

நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு நீ சொல்வது சரி தம்பி. அதற்காகப் பழைய லென்ஸே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. கேனன் இஎஃப் மவுண்டின் தூரம் 44 மி.மீ.; அதில் எம்42 சும்மா உட்காரும். மிர்ரர்லெஸ்ஸில் (உள்ளே பிரதிபலிப்பு ஆடி இல்லாத கேமரா) கேட்கவே வேண்டாம். சோனி இ 18, கேனன் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16. இடைவெளி அவ்வளவு குறைவாக இருப்பதால் எந்தக் காலத்து லென்ஸானாலும் நடுவில் வெறும் குழாய் வைத்தால் போதும், கண்ணாடியே வேண்டாம். திரையில் ஃபோகஸ் விழுந்த விளிம்பு நிறமாக மின்னும், பெரிதாக்கியும் பார்க்கலாம். கண் மங்கிய எனக்கே கைக் குவியம், அதாவது கையால் ஃபோகஸ் செய்வது, சுலபமாக இருக்கிறது.

#10 தேன்சிட்டு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் சோனி ஏ6000 வைத்திருக்கிறேன், இதே கேள்விதான் எனக்கும். மேடை இல்லை; நண்பர்களை எடுப்பது, தெருவில் எடுப்பது. பட்ஜெட்டும் கிட்டத்தட்ட அதே. பழைய லென்ஸ்தான் வழியா?

#11 பழங்கண்ணாடி

உனக்குத்தான் கதவு திறந்திருக்கிறது. பழையதில் தொடங்கினால் ஏதாவதொரு 50 எஃப்/1.8 அல்லது எஃப்/1.7 எடு. மினோல்டா, பென்டாக்ஸ், கேனன் எஃப்டி, எதுவாக இருந்தாலும் அந்தக் காலத்தில் ஃபிலிம் கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ் அது, கொட்டிக் கிடக்கிறது. மெனுவில் "லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்" என்பதை ஆன் செய், இல்லாவிட்டால் பொத்தானை அமுக்கினாலும் கேமரா அசையாது. உன் கேமரா பாடியில் நடுக்கத் தடுப்பு இல்லை, 50 மி.மீ.-க்கு 1/80-க்குக் கீழே போகாதே.

#12 ஏழாம்பக்கம்

தேன்சிட்டு, நண்பர்களை எடுக்க 50 கையால் ஃபோகஸ் என்றால் சிரித்து முடித்த பிறகுதான் படம் விழும். புதிதாக வேண்டுமென்றால் டிடிஆர்டிசான் 35 எஃப்/1.4 இருக்கிறது, அதுவும் கைக் குவியம்தான், ஆனால் சின்னது, தெருவுக்கு ஏற்ற நீளம். எஃப்/5.6 வைத்து மூன்று மீட்டரில் குறித்துவிட்டால் சுற்றிலும் கணிசமான தூரம் தெளிவாகவே இருக்கும், வளையத்தைத் தொடவே வேண்டாம். ஆட்டோ ஃபோகஸ் கட்டாயம் என்றால் சிக்மா 30 எஃப்/1.4 பழையதாகக் கிடைக்கும் வரை பொறு. 2016-இல் வந்தது, விற்கிறவர்கள் நிறைய. உன் சென்சாரில் காசுக்கு அதைவிடத் தரமான படம் தருவது குறைவு. என் ஓட்டு இதற்கே.

சரி, மழைத்துளி பக்கம் வருவோம். எல்லோரும் லென்ஸ் பெயரையே சொல்கிறோம், ஒருவரும் அவருடைய படங்களைப் பார்க்கச் சொல்லவில்லை. அம்மா, கணினியில் இதுவரை எடுத்த படங்கள் எல்லாம் இருக்குமே, அவற்றை டிஜிகேம் போன்ற இலவச மென்பொருளில் திறந்து, எந்த நீளத்தில் எத்தனை படம் என்று பிரித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் எண்ண வேண்டாம். நீங்கள் ரசித்து வைத்துக்கொண்ட படங்களை மட்டும். குப்பைக்குப் போனவை கணக்கில் சேர்ந்தால் பதில் தப்பாக வரும்.

#13 மழைத்துளி

பார்த்தேன், வேடிக்கையாக இருக்கிறது. பாதிக்கு மேல் 55-இல். அதற்கு அடுத்து 18-இல். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அப்படியானால் 55 எனக்குப் பிடித்த நீளம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#14 ஏழாம்பக்கம்

அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஜூம் வளையம் முட்டி நிற்கிற இடம் 18-உம் 55-உம். எல்லோருடைய கிட் லென்ஸ் கணக்கும் இந்த இரண்டு முனையில்தான் குவியும். அந்த 55 படங்களைத் திறந்து, ஓரங்களை வெட்டினீர்களா என்று பாருங்கள். வெட்டியிருந்தால் உங்களுக்கு வேண்டியது 55-ஐவிட நீளம், லென்ஸ் விடவில்லை. வெட்டாமல் அப்படியே வைத்திருந்தால் 50 உங்களுக்குச் சரியாக இருக்கும்.

#15 மழைத்துளி

மேடைப் படங்கள் எல்லாம் வெட்டியவை. வீட்டில் எடுத்த 55 படங்கள் வெட்டாதவை. அப்படியென்றால் கறுப்புவெள்ளை ஐயா சொன்னதுதான்: மேடைக்கு 85 வேண்டும், கையில் இருப்பது 50-க்கான காசு, வீட்டுக்கும் 50 பொருந்துகிறது. 50 என்றே முடிவு செய்கிறேன்.

இப்போது புதுக் குழப்பம். ஒரே 50 எஃப்/1.8 இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒன்றில் கடைசியில் "டி", மற்றதில் "ஜி". டி விலை கணிசமாகக் குறைவு. டி வாங்கி மிச்சம் பிடிக்கலாமா?

#16 கறுப்புவெள்ளை

வேண்டாம்! நல்லவேளை, வாங்குவதற்கு முன் கேட்டீர்கள்.

டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார் ஒரு சிறு திருகு வழியாக லென்ஸைச் சுழற்ற வேண்டும். டி7000, டி7500 போன்ற பாடிகளில் அந்த மோட்டார் உண்டு. உங்கள் டி5600-இலும், டி3000, டி5000 வரிசை முழுவதிலும் இல்லை. மாட்டினால் மாட்டும், ஒளி அளவியும் வேலை செய்யும், படமும் வரும். ஃபோகஸ் மட்டும் நீங்களே கையால் திருக வேண்டும். டி5600-இன் சின்ன வியூஃபைண்டரில் எஃப்/1.8-ஐக் கையால் பிடிப்பது வீட்டிலேயே சிரமம்.

அடையாளம் சுலபம். பெயரில் "ஏஎஃப்-எஸ்" அல்லது "ஏஎஃப்-பி" இருந்தால் மோட்டார் உள்ளே இருக்கிறது. வெறும் "ஏஎஃப்" என்றால் இல்லை. லென்ஸைத் திருப்பி மவுண்டைப் பார்த்தாலும் தெரியும், டி லென்ஸில் திருப்புளி நுழைகிற மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும்.

வேறு நிறுவன லென்ஸ்களில் இது இன்னும் குழப்பம். டாம்ரான் 17-50 எஃப்/2.8 நிக்கானுக்கு மோட்டார் இல்லாமலும் வந்தது, மோட்டாரோடும் வந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். பின்பக்கப் படம் கேளுங்கள்.

ஜி-யில் இன்னொரு நன்மை: என்றைக்காவது நிக்கான் இசட் வாங்கினால் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ் 50 ஜி ஃபோகஸ் செய்யும், டி செய்யாது. கேனன்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. 1987-இல் இஎஃப் மவுண்ட் வந்த நாளிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள்தான்.

#17 சிறகு

எஃப்/1.8-ல எடுத்தா மூக்கு தெளிவா இருக்கும், காது மங்கிடும்னு சொல்றாங்களே. மேடையில ரெண்டு மூணு குழந்தைங்க நின்னா?

#18 கறுப்புவெள்ளை

அது கிட்டத்தில் எடுக்கும்போது. 50 மி.மீ. எஃப்/1.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 11 செ.மீ.தான், கண்ணில் ஃபோகஸ் வைக்கத் தவறினால் போச்சு. அதே லென்ஸ், அதே எஃப்/1.8, பத்து மீட்டர் தூரத்தில் ஆழம் சுமார் மூன்று மீட்டர். மேடையின் நடுவில் நிற்கிற எல்லோரும் அதற்குள் அடங்குவார்கள். தூரம் கூடக்கூட ஆழம் வேகமாக விரிகிறது. மேடைக்குப் பயப்படாமல் முழுக்கத் திறக்கலாம்.

#19 ஒளிவிளக்கு

லென்ஸ் வாங்குவதையே தள்ளிப்போடச் சொல்கிறேன், திட்டாதீர்கள். வீட்டுப் படங்களுக்கு அந்தக் காசில் பாதிக்கு ஒரு சாதாரண ஃபிளாஷ் வாங்கி, வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடித்தால் கிட் லென்ஸே போதும். எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400, முகம் பளிச்சென்று. மேடையில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, அது தெரியும். ஆடுகிறவர் கண் கூசும், பத்து மீட்டருக்கு எட்டினாலும் மேடை விளக்கின் நிறமெல்லாம் வெளுத்துப்போகும். ஆனால் அவர் கேமரா வருடத்தில் எத்தனை மாலை மேடைக்குப் போகிறது, எத்தனை நாள் வீட்டில் இருக்கிறது?

#20 மழைத்துளி

நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டுப் படங்களில் எனக்குக் குறையே இல்லை, ஜன்னல் வெளிச்சம் போதும். மனசு வருந்துவது மேடைப் படங்களுக்குத்தான். ஃபிளாஷ் அடுத்த சுற்றில்.

பழைய லென்ஸ் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, நேரில் பார்க்கலாம் என்கிறார்கள். என்னென்ன பார்க்க வேண்டும்?

#21 பழங்கண்ணாடி

இது என் பேட்டை. நிதானமாகப் படியுங்கள்.

கேமராவைக் கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் பாடியில் மாட்டிப் பார்க்காத லென்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். கூடவே மொபைல் டார்ச்.

முதலில் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே தூசி தெரியும், அது எல்லா லென்ஸிலும் தெரியும், விட்டுவிடுங்கள். சிலந்தி வலைபோலக் கிளைவிட்ட நூல் தெரிந்தால் பூஞ்சை. லென்ஸைக் கீழே வையுங்கள், வெளியே வாருங்கள். "துடைத்தால் போய்விடும்" என்பார்கள். பூஞ்சை கண்ணாடிப் பூச்சை அரித்திருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும். சுத்தம் செய்யும் கூலி உங்கள் பட்ஜெட்டையே விழுங்கிவிடும். புகைபோல மெல்லிய மங்கல் ஒரே சீராகப் படர்ந்திருந்தாலும் வேண்டாம், விளக்கை எதிரே வைத்து எடுத்தால் படம் வெளுத்துப்போகும். உங்களுக்கு மேடை விளக்கு எப்போதும் எதிரேதான்.

முன் கண்ணாடியில் சிறு கீறல் என்றால் பயப்பட வேண்டியதில்லை, படத்தில் அநேகமாகத் தெரியாது. விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல சாக்கு. பின் கண்ணாடியில் கீறல் என்றால் அந்தக் கதை வேறு, சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால் அதன் விளைவு படத்தில் தெரிய வாய்ப்பு அதிகம்.

ஜி லென்ஸின் பின்னால் ஒரு சிறு உலோக நெம்பு இருக்கும். விரல் நுனியால் மெதுவாகத் தள்ளி விடுங்கள். ஒளி நுழையும் துளையின் இதழ்கள் திறந்து, விட்டதும் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். சோம்பலாக மூடினாலோ இதழில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தாலோ படங்கள் அளவுக்கு மீறி வெளுத்து வரும். பிறகு மவுண்ட்: திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். ஃபில்டர் மாட்டும் வளையம் நசுங்கியிருந்தால் கீழே விழுந்திருக்கிறது.

கேமராவில் மாட்டி, கிட்டத்தில் ஒன்று தூரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஃபோகஸ் பிடித்துப் பாருங்கள். மோட்டார் தயங்காமல், கிறீச்சிடாமல் போக வேண்டும்.

#22 ஏழாம்பக்கம்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டையான சுவர், செங்கல் தெரிகிற சுவரானால் உத்தமம், அதற்கு நேராக நின்று எஃப்/2.8-இல் ஒரு படம். கேமரா திரையில் பெரிதாக்கி நான்கு மூலையையும் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் உள்ளே கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது, விழுந்த லென்ஸில் சகஜம். சுவருக்குக் கோணலாக நின்றாலும் இதே மாதிரி தெரியும் என்பதால் இரண்டு முறை எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள். எடுத்த படங்களை அங்கேயே அழித்துவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில் பார்க்க அவகாசம் கேளுங்கள். தர மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

#23 நுண்ணோக்கி

50 வாங்கிய பிறகு பூச்சி, பூ எடுக்க ஆசை வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் :) அந்த லென்ஸ் 45 செ.மீ.-க்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. அதற்கு மேக்ரோ லென்ஸுக்குப் போகாமல் நீட்டிப்புக் குழாய் வாங்குங்கள். 25 மி.மீ. குழாய் 50 மி.மீ. லென்ஸில் அரை மடங்கு உருப்பெருக்கத்தைக் கூட்டும். மின் தொடர்பு உள்ள குழாயாக இருக்கட்டும். வெறுங்குழாய் போட்டால் ஜி லென்ஸின் துளை முழுக்க மூடியே கிடக்கும், அதில் துளை வளையமும் இல்லாததால் உங்களால் திறக்க முடியாது.

#24 மழைத்துளி

வாங்கிவிட்டேன். ஏஎஃப்-எஸ் 50 எஃப்/1.8 ஜி, பழையது. முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல், பழங்கண்ணாடி அண்ணன் சொன்ன சாக்கு பலித்தது. சுவர்ப் படம் நான்கு மூலையும் ஒரே மாதிரி.

நேற்று மாலை ஒத்திகை. எம் பயன்முறை, எஃப்/2, 1/250, ஐஎஸ்ஓ 3200. கை விரல்கள் தனித்தனியாகத் தெரிகின்றன! தானியங்கியில் விட்டபோது பின்னால் கறுப்புத் திரை இருந்ததால் முகம் வெளுத்துப்போனது, எம்-க்கு மாறிய பிறகு சரியாகிவிட்டது. ஃபோகஸுக்கு நடுப்புள்ளி மட்டும் வைத்துக்கொண்டேன்.

புதிதாக ஒரு தொந்தரவு. சில படங்களில் குறுக்கே வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள். அடுத்த படத்தில் இல்லை. லென்ஸில் கோளாறா?

#25 கறுப்புவெள்ளை

லென்ஸ் இல்லை, விளக்கு. எல்ஈடி விளக்கில் சில வகை தொடர்ந்து எரியாமல் மிக வேகமாக அணைந்து அணைந்து எரியும். உங்கள் கேமராவில் 1/200-க்கு மேல் வேகம் போனால் சென்சார் முழுவதும் ஒரே சமயத்தில் திறக்காது. ஷட்டர் திரைகளுக்கு நடுவே ஒரு பிளவு நகர்ந்து போகிறது. பிளவு போகும்போது விளக்கு அணைந்த இடம் பட்டையாக விழுகிறது. 1/60-இல் எடுத்த காலத்தில் இது தெரியாமல் போனதும் அதனால்தான்.

1/125 அல்லது 1/100-க்கு இறங்கிப் பாருங்கள். பட்டை மறையும் அல்லது வெகுவாகக் குறையும். விளக்கை மங்கலாக்கும் கருவியின் வேகம் இடத்துக்கு இடம் வேறு, ஆகவே ஒத்திகையிலேயே சில வேகங்களை மாற்றிச் சோதித்து எது சுத்தமாக வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1/100-இல் வீச்சு கலங்கும்தான். நடனத்தில் தாளம் முடிந்து ஒரு கணம் அசையாமல் நிற்பாள் அல்லவா, அந்த இடத்தில் அமுக்குங்கள். ஆட்டம் உங்களுக்குத் தெரியும் என்பதால் அந்தக் கணம் முன்கூட்டியே தெரியும்.

#26 மழைத்துளி

சரி, அடுத்த ஒத்திகையில் 1/100-இலிருந்து தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: 18-55-ஐ விற்று அந்தக் காசை 85-க்கு எடுத்து வைக்கலாமா?

#27 ஏழாம்பக்கம்

விற்காதீர்கள். தனியாக விற்றால் ஒன்றும் தேறாது, எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது. என்றாவது டி5600-ஐ விற்கும்போது கூடவே கொடுத்தால்தான் பாடிக்கு விலை. அதுவரை குழுப்படத்துக்கு 18 வேண்டியிருக்கும். 50-ஐ வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்துகொண்டே போனால் சுவர்தான் முதுகில் இடிக்கும். 85 ஜி பழைய விலையை அவ்வப்போது பார்த்து வையுங்கள். மிர்ரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் எஃப் மவுண்ட் லென்ஸ்களை விற்றுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

#28 தேன்சிட்டு

சிக்மா 30 பழையது ஒன்று கிடைத்திருக்கிறது, நாளை பார்க்கப் போகிறேன். செங்கல் சுவருக்கு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

#29 ஏழாம்பக்கம்

செய்தித்தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டிக்கொள். எழுத்து இன்னும் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.